சொல்லற்ற படங்களும் ஓவிய ஆசிரியர் பயிற்சியும்

கடம்பூர் நிலையத்தில் வண்டி நின்றதும் முதலில் நம்மை அழைப்பது போளி விற்பவரின் குரல். அந்தக் குரல் ஓய்ந்து, வண்டியும் மணியாச்சித் திசையில் மறைந்த பின், எஞ்சுவது வெயிலும் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணுமே. பங்குனி மாதத்தில் ஒருநாள் அவ்வூரிலுள்ள நம் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவர் மகள் திண்ணையில் அமர்ந்து ஒரு மண்பானையை வரைந்துகொண்டிருக்கக் கண்டோம். டிராயிங் லோயர், ஹையர் இரண்டும் தேறியவள். அரசுத் தேர்வுகள் துறையினர் கோடையில் நடத்தும் 42 நாள் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பானையின் வாயும் கழுத்தும் வயிறும் அளவு பிசகாமல் தாளில் வந்திருந்தன. நிழலை எழுதத் தொடங்கிய நேரத்தில் அவள் முகம் சுளித்தது.

"நிழல் நகர்ந்துட்டு மாமா. இனிமே இது ஆகாது" என்று சொல்லி, அழிப்பானை எடுத்துப் பாதிப் படத்தை அழித்துவிட்டாள்.

பக்கத்தில் நாற்காலியில் இருந்த அவள் வாப்பாவுக்கு வேறொரு கவலை. "மச்சான், நீங்களே சொல்லுங்க. டிராயிங் வாத்தியார் வேலைன்னு ஒண்ணு இருக்கா இப்ப?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. 2012ஆம் ஆண்டில் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை, கணினி எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிய செய்திகளைப் பல ஆண்டுகள் படித்தோம். ஊதியம் பற்றிப் பேச உரியவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் இங்கே பேச விழைவது அதனோடு ஒட்டிய இன்னொன்று. அந்த அரைநாளில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஓவிய ஆசிரியரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? நிழல் நகர்ந்ததும் படத்தை அழித்துவிடும் பழக்கம் மட்டும்தானா?

கைப்பழக்கத்தை நாம் இழிவாகச் சொல்லவில்லை. கடம்பூருக்கு அடுத்த பெரிய ஊர் கோவில்பட்டி. அங்கே வாழ்ந்து 1976ல் மறைந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த காலண்டர் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே நாடெங்கும் சென்றன. அவர் மதராஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகக் குழு ஒன்றுக்குத் திரை எழுதுபவராக இப்பக்கம் வந்து, குழு கலைந்த பின் இங்கேயே தங்கிவிட்டவர். திரை எழுதுபவருக்குக் கைப்பழக்கத்தோடு இன்னொரு கல்வியும் கேளாமலே வந்து சேர்கிறது. தாம் எழுதிய காடு மேடையில் எத்தனை நிமிடம் நிற்கும், விளக்கு மங்கும்போது அந்தப் பச்சை என்ன நிறமாகும், காடு மேலேறி அரண்மனை இறங்கும்போது சபையின் கண் முதலில் எங்கே போய் விழும் என்பதையெல்லாம் அவர் அறிந்தாக வேண்டும். படத்தைக் காலத்தோடு சேர்த்து எண்ணும் கல்வி இது. நாடகக் கொட்டகைகள் போயின. அவற்றோடு அந்தக் கல்வியும் போயிற்று. ஓவிய ஆசிரியர் பயிற்சியில் அதன் இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

அந்த வெற்றிடத்தில் வைக்கத் தக்கவை சொல்லற்ற படங்கள் என்பது நம் துணிபு. சொல்லற்ற படம் என்றதும் 1987ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமலஹாசன் நடித்து, தமிழில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்த சித்திரம் அன்பர்களுக்கு நினைவு வரலாம். அது பேச்சில்லாமலே கதை சொல்லிய படம், சுவையான படம். நாம் சொல்ல வருபவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஓவியர்கள் தாமே காமிராவைக் கையாண்டு எடுத்த சிறு படங்கள் அவை. தூரிகையால் ஆகாத ஒன்றைத் தேடி அவர்கள் காமிராவிடம் போனார்கள். அதனாலேயே ஓவிய ஆசிரியருக்கு அவை பாடமாகின்றன.

இந்தியாவில் இம்முயற்சி அறுபதுகளின் இறுதியில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. 1967ல் எம்.எஃப். ஹுசைன் எடுத்த 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் கொண்ட படம் ஒன்று. 1969-70ல் அக்பர் பதம்ஸீ எடுத்த 'சிஸிஜி' ஒன்று. 1970ல் தய்யப் மேத்தா எடுத்த 'கூடல்' ஒன்று. பெயரைக் கவனியுங்கள்: பம்பாயில் வாழ்ந்த ஒரு குஜராத்தி ஓவியர் தம் படத்துக்கு வைத்த பெயர் நம் மதுரையின் பழம்பெயர்!

மூவரும் முஸ்லிம் வீடுகளில் பிறந்தவர்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இப்னுல் ஹைதம் இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைச் சோதித்தார் என்று ஆயிரம் ஆண்டுப் பழங்கதையைச் சொல்லி அத்துடன் நின்றுகொள்வது நம்மவர் வழக்கம். கண் எப்படிக் காண்கிறது என்ற கேள்விக்காகவே அப்பெரியார் பாடுபட்டார். கேள்வியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நம் காலத்தில் அதே கேள்வியைக் கேட்ட மூவரின் படங்களை நம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நிற்க. இப்படங்களில் ஹுசைனுடையதும் தய்யப் மேத்தாவுடையதும் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்புகள். 1948ல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் குரலை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொட்டகையில் படம் தொடங்குமுன் செய்திச்சுருள் ஓடும். அணையோ, ஆலையோ, வெள்ளமோ, விழாவோ, எதன்மேலும் ஒரு கம்பீரமான வர்ணனை ஏறி அமர்ந்திருக்கும். குரல் எதைச் சொன்னதோ அதையே கண் பார்த்தது. சொல்லப்படாத ஒன்று திரையின் ஓரத்தில் இருந்தாலும் நமக்குத் தெரியாமல் போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் ஜான் பௌனகரி என்பவர் ஆலோசகராக அமர்ந்திருந்த காலத்தில், ஹுசைனை அழைத்து, விரும்பியபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை ஒப்படைத்தது பெரிய துணிச்சல். ஹுசைன் ராஜஸ்தானத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கதையும் இல்லை, வர்ணனையும் இல்லை. கால்மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட கறுப்பு வெள்ளைக் காட்சிகள் மட்டுமே இருந்தன. 1967ல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி அதற்குக் கிடைத்தது.

இம்மூன்று படங்களையும் தங்கை மகளோடு அமர்ந்து கைபேசியில் மூன்று இரவுகள் பார்த்தோம். முதலிரவு ஹுசைன். பம்பாயில் சினிமாத் தட்டிகள் எழுதிப் பிழைத்த கை அது. ஒரு பொருளைத் தூரத்திலிருந்தே கண்ணில் அறையும்படி நிறுத்த அதற்குத் தெரியும். குடை, லாந்தர், செருப்பு என்று சில பொருள்கள் கோட்டைச் சுவர்களுக்கும் மனித முகங்களுக்கும் நடுவே திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் பார்த்த குடையும் பின்னால் பார்த்த குடையும் ஒரே குடைதான். ஆனால் இடையில் பார்த்தவற்றால் அது மாறிவிடுகிறது. சுவரில் மாட்டிய ஓவியத்தில் இதைச் செய்ய வழியில்லை. அங்கே முன் என்பதும் பின் என்பதும் கிடையாது.

"செருப்புக்கு என்ன அர்த்தம் மாமா?" என்று அவள் கேட்டாள்.

இங்கே நாம் ஒரு பிழை செய்தோம். பாலைவனம், நடை, மனிதன் விட்டுச் செல்லும் தடம் என்றெல்லாம் ஒரு சிறு பிரசங்கம் நிகழ்த்தினோம். அவள் தலையசைத்தாள். மீண்டும் ஒருமுறை படத்தைப் போட்டபோது, செருப்பு வரும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற இடங்களில் அவள் கண் சும்மா கிடந்தது. ஃபிலிம்ஸ் டிவிஷன் நீக்கிய வர்ணனையை நாமே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்! ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இப்படங்களைக் காட்டுபவர் எவரானாலும் அவரை முதலில் பிடிக்கும் நோய் இதுவே.

படத்தைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். பேச்சு இல்லாத இடத்தை இசை சில வேளைகளில் அளவுக்கு மீறி நிரப்புகிறது. எங்கே வியக்க வேண்டும் என்று குழல் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ராஜஸ்தானமும் சிற்சில இடங்களில் சுற்றுலாப் பயணியின் ராஜஸ்தானமாகிவிடுகிறது. ஒலியை முற்றிலும் அடைத்துவிட்டுப் பார்த்தபோது படம் இன்னும் கூர்மையாயிற்று.

'சிஸிஜி'யில் அடைப்பதற்கு ஒலியே கிடையாது. அப்பெயர் வானசாத்திரத்தில் கோள்கள் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்பதைக் குறிக்கும் சொல். பதம்ஸீ 1969ல் நேரு பெயரிலான ஆய்வுநிதி பெற்று, அப்பணத்தைத் தம் ஓவியங்களுக்கு மட்டும் செலவழிக்காமல், பம்பாயில் ஒரு பட்டறை தொடங்கினார். ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் புகைப்படக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் 16 மி.மீ. காமிராவைப் பகிர்ந்து பழகிய இடம் அது. அப்போது இளம்பெண்ணாக இருந்த நளினி மலானி தம் முதல் படங்களை அங்கேதான் எடுத்தார். பிற்காலத்தில் காணொளியைக் கலையாக்கிய முன்னோடிகளுள் ஒருவராக உலகம் அவரை அறிந்தது. 1972 வரை அப்பட்டறை நடந்தது. ஓவியருக்கு ஓவியர் கற்பித்த, சான்றிதழ் எதுவும் தராத பயிற்சிப் பள்ளி என்றே அதைச் சொல்லலாம்.

படத்தில் இருப்பவை புள்ளிகளும் கோடுகளுமே. கோடுகள் தோன்றுகின்றன, ஒன்றையொன்று வெட்டுகின்றன, மறைகின்றன. ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த பால் கிளே 1925ல் வெளியிட்ட பாடக்குறிப்பு நூலில், கோடு என்பதை நகர்கின்ற புள்ளியாகக் கொண்டே மாணவர்க்குப் பாடம் தொடங்கினார். அந்த நகர்வை நூலில் படிக்கலாம். 'சிஸிஜி'யில் கண்ணால் காணலாம். உண்மையைச் சொன்னால் படம் சலிப்பூட்டுகிறது. தங்கை மகள் சிறிது நேரத்தில் கொட்டாவி விட்டாள். ஆனால் அவளுடைய தம்பி, எட்டு வயதுப் பையன், நகராமல் உட்கார்ந்து, அடுத்த கோடு எந்த மூலையிலிருந்து வரும் என்று விரலால் குறிகாட்டிக்கொண்டே இருந்தான். பாதிக்குமேல் தவறாகத்தான் சொன்னான். அந்தத் தவறுகளைப் பார்த்த பிறகே அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாம் வாயைத் திறக்கவில்லை.

அப்பட்டறைக் காலத்தில் பதம்ஸீ எடுத்த இன்னொரு படத்தின் ஒரே பிரதி தொலைந்து போயிற்று. 2016ல் அஷிம் அலுவாலியா என்ற இளைய இயக்குநர் முதியவரான ஓவியரை உடன் வைத்துக்கொண்டு, அவர் நினைவிலிருந்து அதை மீட்டெடுக்க முயன்று ஒரு படம் செய்தார். 2020ல் பதம்ஸீ மறைந்தார். ஓவியம் தொலைந்தால் தேட நாலு பேர் வருவார்கள். படச்சுருள் தொலைந்தால் கேட்க நாதியில்லை.

மூன்றாம் இரவு 'கூடல்'. அன்று மச்சானும் வந்து அமர்ந்தார். தய்யப் மேத்தா ஓவியம் பயில்வதற்கு முன் படத்தொகுப்பு வேலை செய்தவர். எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 1947 கலவரத்தின்போது பம்பாய் முகம்மதலி சாலையில் தம் வீட்டுச் சன்னல் வழியே ஒரு மனிதன் அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த இளைஞர் அவர். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. கால்கள் கட்டப்பட்டு வீழ்த்தப்பட்ட காளை அவர் ஓவியங்களில் பன்முறை வருகிறது. இப்படத்தில் பாந்த்ரா இறைச்சிக்கூடத்துக் காளைகளைக் காமிரா நேரே பார்க்கிறது. எந்தக் குரலும் வந்து, இதை இரங்கிப் பார் என்றோ, வெறுத்துப் பார் என்றோ சொல்வதில்லை.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. குர்பானிக்கு முந்திய இரவு, முற்றத்தில் கட்டிய ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு உறங்காமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையாக நாமும் ஒருகாலத்தில் இருந்திருக்கிறோம். கடமையையும் கனிவையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள அந்த இரவில்தான் பழகுகிறோம். அது பற்றி யாரும் நம்மிடம் பேசியதில்லை. பேசியிருந்தால் அந்த இரவு இவ்வளவு நினைவில் நின்றிராது. மச்சான் படம் முடியுமட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "நம்ம பெருநா ராத்திரி ஞாபகம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். வேலை உண்டா என்று கேட்டவர் அவரே.

எனினும், பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு இம்மூன்றையும் எடுத்த எடுப்பிலே கொடுப்பது பொருத்தமன்று. தொடங்க வேண்டிய படம் வேறு: 1964ல் சத்யஜித் ராய் எடுத்த 'இருவர்'. ராயும் ஓவியப் பயிற்சி பெற்றவரே; சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடமும் வினோத் பிஹாரி முகர்ஜியிடமும் பயின்றவர். எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடருக்காக வங்காளப் பின்னணியில் ஆங்கிலத்தில் ஒரு படம் கேட்டார்கள். வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் பேசுவதா என்று எண்ணிய ராய் எம்மொழியும் இல்லாமலே எடுத்துக் கொடுத்தார்! மாடிச் சன்னலில் பணக்காரப் பையன். கீழே குடிசையருகே ஏழைப் பையன். இவன் குழல் ஊதினால் அவன் விளையாட்டு ஊதுகொம்பை எடுக்கிறான். இவன் முகமூடி போட்டால் அவனும் முகமூடி போடுகிறான். இவன் காற்றாடி விடுகிறான். அவன் காற்றுத்துப்பாக்கியால் அதைச் சுட்டுக் கிழிக்கிறான். வென்றவன் தன் பொம்மைகளிடம் திரும்பிய பிறகு, வெளியிலிருந்து மீண்டும் குழலோசை கேட்கிறது. விசை கொடுத்த பொம்மை ஒன்று தானே நடந்து போய், அவன் அடுக்கிய கோபுரத்தை இடித்துத் தள்ளுகிறது.

இப்படத்தைப் பயிற்சி வகுப்பில் வைத்துச் செய்யக்கூடியது நிறைய. மேலிருந்து கீழே பார்க்கும் பார்வையும் கீழிருந்து மேலே பார்க்கும் பார்வையும் மாறி மாறி வருவதால், உயரத்தால் உறவு எப்படி மாறுகிறது என்பதை எவரும் சொல்லாமலே மாணவர் உணர்வர். தொலைநோக்கு வரைவைப் பற்றி அடிமட்டம் கொண்டு நடத்தும் நாலு வகுப்பு இதற்கு ஈடாகாது. ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, அதற்கு முந்திய கணத்தையும் பிந்திய கணத்தையும் வரையச் சொல்லலாம். நின்ற கணத்தை வரையச் சொல்லக் கூடாது. அது வெறும் பிரதியெடுப்பு, அதில் நாம் ஏற்கெனவே வல்லவர்கள். படம் முடிந்தபின் ஒரு பத்து நிமிடமாவது பேச்சுக்கு இடம் தராமல் பென்சிலுக்கு இடம் தர வேண்டும்.

கருவி இல்லை என்று சொல்வதற்கில்லை. பல அரசுப் பள்ளிகளில் திரையும் கணினியும் வந்துவிட்டன. 2019ல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. ஆயினும் பாடமாக வரும் படங்கள் எல்லாம் பேச்சால் நிரம்பி வழிகின்றன. கணக்குக்கும் அறிவியலுக்கும் அது தேவையாக இருக்கலாம். ஓவியத்துக்கும் அதே முறையைப் பொருத்தினால், பழைய செய்திச்சுருள் குரல் வகுப்பறைக்குள் குடிவந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

திரையும் இல்லாத ஊரில் ஒரு நோட்டுப்புத்தகம் போதும். பக்கங்களின் ஓரத்தில் ஒரு பம்பரத்தை ஒவ்வொரு பக்கத்திலும் சற்றே சாய்த்து வரைந்து, விரலால் விரைவாகப் புரட்டினால் பம்பரம் சுழன்று விழும். இதைச் செய்து பார்க்காத பள்ளிப் பிள்ளை அரிது; செய்ததற்காக அடி வாங்காத பிள்ளை அதனினும் அரிது. கரிசல் காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் ஒரு சாண் மண்ணைக் குறித்து வைத்து, மாதம் இருமுறை அதே இடத்தில் அமர்ந்து வரைந்து வந்தால், ஐப்பசி மழையில் வெடிப்பு மூடுவதும், உளுந்தோ பருத்தியோ முளைத்து வருவதும், தை கழிந்தபின் மீண்டும் மண் பிளக்கத் தொடங்குவதும் இருபத்துநான்கு தாள்களில் அடங்கிவிடும். அவற்றைச் சேர்த்துப் புரட்டினால் அதுவும் ஒரு சொல்லற்ற படமே.

சினிமா என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். உருவம் வரைவதில் ஐயப்பாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பள்ளிவாசல் சுவரின் கோட்டுச் சித்திரங்களை விரும்பிப் பார்ப்பவருக்கு 'சிஸிஜி'யில் அந்நியமாக எதுவும் இராது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

நாம் புறப்பட்ட அன்று காலையில் அதே பானை திண்ணையில் இருந்தது. இம்முறை அவள் அழிப்பானை எடுக்கவில்லை. ஒரே தாளில், ஒன்பது மணி நிழலை மெல்லிய கோட்டாலும், பத்து மணி நிழலை அதைவிட அழுத்தியும், பதினோரு மணி நிழலை இன்னும் அழுத்தியும் எழுதியிருந்தாள். பானையைச் சுற்றி நிழல்கள் விசிறிபோல் விரிந்து கிடந்தன. தாளை நம்மிடம் நீட்டி, "பரீட்சையில இப்படிப் போட்டா மார்க் கிடைக்குமா மாமா?" என்று கேட்டாள்.

கிடைக்காது என்றே சொன்னோம்.